"முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். நிறுத்த முடியாமல்தானே வருகிறோம்?

யாழிசை (திங்கள், இரவு 11.40)

வணக்கம். இரண்டு வருடமாக இந்த இணைய மன்றத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பிக்கு 29 வயது. 23இல் முதன்முதலாகக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பக்கத்து அறையில் ஆட்கள் உட்கார்ந்து தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். போய்க் கதவைத் திறந்து காட்டினாலும் "இப்போதுதான் எழுந்து போனார்கள்" என்பான். மாத்திரை போட்டதும் நன்றாகத் தெளிந்தான், ஒன்றரை வருடம் வேலைக்கும் போனான். நடுவில் குடி சேர்ந்துகொண்டது. எப்போது, எப்படி என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. குரல் கூடினால் குடிக்கிறான். குடித்தால் இரண்டு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கிறது. மறுநாள் அதே குரல் இன்னும் சத்தமாக வருகிறது. மாத்திரையும் குடியும் சேரக்கூடாது என்று யாரோ சொன்னார்களாம், குடிக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறான். அதாவது இப்போது பெரும்பாலான நாள்.

போன மாதம் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். வாடை அடித்தது, மறைக்க முடியாது. "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்" என்றார்கள். அங்கிருந்து ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். பழைய மருந்துச் சீட்டைப் பார்த்ததும், "குரல் கேட்கிறவரை இங்கே வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி இல்லை, மனநலத்தைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவனே ரோஷப்பட்டு வீட்டிலேயே நிறுத்தினான். மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தான். அவசரப் பிரிவில் சேர்த்துப் பிழைத்தான். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த காகிதத்தில் "மேல்சிகிச்சைக்கு மனநலப் பிரிவை அணுகவும்" என்று இருந்தது.

நேற்று என்னிடம், "அக்கா, என்னை ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதியா அனுப்பிடு" என்றான்.

இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களா? நான் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

கரையோரம் (செவ்வாய், காலை 6.15)

யாழிசை, நான் 14 வருடமாகச் சமூக மனநலக் குழுவில் செவிலியர். வேலையில் பாதி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன், வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. போதைப் பொருட்களிலேயே, நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளால் உயிரை எடுக்கக்கூடிய சிலவற்றில் மதுவும் ஒன்று. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவதுதான் நீங்கள் பார்த்தது: பூச்சி தெரிவது, இடம் நேரம் குழம்புவது, காய்ச்சல், படபடப்பு. மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். வீட்டில் இதைப் பழைய மனநோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஓடினீர்கள், அதனால் அவர் இருக்கிறார்.

ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே இப்போது மறுபடி குடிக்கிறார் என்றால், "இன்றே விடு" என்று சொல்லாதீர்கள். மருத்துவக் கண்காணிப்பில் விடலாம் என்று சொல்லுங்கள். அதற்கு டயசிபாம், லோராசிபாம் போன்ற நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தை முதலில் போதுமான அளவு கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயமின், ஊசியாகப் போட வேண்டும். குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். பார்வை தடுமாறுவது, நடை தள்ளாடுவது, குழப்பம் இவற்றைக் குடிபோதை என்று விட்டுவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். போன தடவை தயமின் ஊசி போட்டார்களா என்று அந்தக் காகிதத்தில் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருக்கிறார்கள். ஆனால் பெயர்ப்பலகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் இதைக் கேளுங்கள் (குரல் கேட்கிற இந்த நோயைத்தான் மனச்சிதைவு என்கிறேன்): "மனச்சிதைவும் குடிநோயும் சேர்ந்து இருக்கிறவரை ஒரே குழு பார்க்குமா? நடுவில் குடித்துவிட்டு வந்தால் வெளியே அனுப்பிவிடுவீர்களா? மனநல மருந்தைத் தொடர விடுவீர்களா?" மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். எல்லா மருந்தையும் நிறுத்தினால்தான் சேர்ப்போம் என்கிற மையங்கள் இன்னமும் இருக்கின்றன. உங்கள் தம்பிக்கு அது ஆபத்து.

குடிக்கிற நாளில் மாத்திரையை விடுவது பற்றி. இது மிகவும் பரவலான தவறு. மருந்துக்கு மருந்து வேறுபடும் என்பதால் அவருடைய மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "குடித்த நாளில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?" பெரும்பாலும், குடித்ததற்காக மனச்சிதைவு மருந்தையே விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பாக முடிகிறது. தினசரி மாத்திரை சிக்கலாக இருந்தால் மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசியும் உண்டு.

இன்றைக்கு_மட்டும் (செவ்வாய், காலை 9.02)

நான் குடியை விட்டு 11 வருடம் ஆகிறது. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டங்களில்தான் பிழைத்தேன். கொஞ்சம் மாறுபடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"முதலில் நிறுத்து" என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. குடிக்கிற காலத்தில் எனக்கும் மனச்சோர்வு, பயம், தூக்கமின்மை எல்லாம் இருந்தன. ஒரு முறை குரல்கூடக் கேட்டது. மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டேன். குடியை விட்டு ஆறு வாரத்தில் முக்கால்வாசி தானாகப் போய்விட்டது. குடிக்கிறபோது வைக்கும் பெயரை நம்ப முடியாது. குடிகாரனுக்கு இன்னொரு நோயின் பெயரைக் கொடுத்தால் அதை அவன் கேடயமாகப் பிடித்துக்கொள்வான். நான் பிடித்துக்கொண்டேன். "எனக்கு டிப்ரஷன், அதனால்தான் குடிக்கிறேன்" என்று என் மனைவியிடம் எத்தனை நாள் சொல்லியிருப்பேன்.

உங்கள் தம்பியை யாரும் கைவிடச் சொல்லவில்லை சகோதரி. ஆனால் குடியை மையமாக வைத்துப் பார்க்காவிட்டால் மற்ற எதுவும் நிற்காது.

சிறுவிளக்கு (செவ்வாய், மதியம் 1.30)

அண்ணன் சொன்னது அண்ணனுக்கு உண்மை. எனக்கு நேர்மாறாக நடந்தது.

எனக்கு இருமுனை மனநோய், மனம் ஒரு சமயம் எல்லை மீறி உச்சத்துக்கும் ஒரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகிற நோய். அதோடு கஞ்சா, பிறகு குடி. எட்டு மாதம் சுத்தமாக விட்டுப் பார்த்தேன். அந்த எட்டாம் மாதத்தில்தான் வாழ்க்கையிலேயே மோசமான பித்தநிலை வந்தது. நான்கு நாள் தூங்காமல், கையில் இருந்ததையெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வானத்திலிருந்து எனக்குச் செய்தி வருகிறது என்று நடுரோட்டில் நின்றேன். உடம்பில் ஒரு துளி போதைப் பொருள் கிடையாது. போதையை எடுத்துவிட்டால் அடியில் ஒன்றுமில்லாதவர்களும் இருக்கிறார்கள், என்னைப் போல இன்னொரு நோய் முழுசாக உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

போதை நின்று ஒரு மாதம் போலப் பொறுத்திருந்து, அறிகுறி மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது உண்டு. போதைக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்றும் கேட்பார்கள். யாழிசை அக்கா, உங்கள் தம்பிக்குக் குரல் வந்தது குடிக்கு முன்னால். அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மருத்துவர் முன்னால் அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

ஆனால் அந்த ஒரு மாதம் எங்கே இருந்து பொறுப்பது? அதுதான் கேள்வி. தெருவிலா, வீட்டிலா, தனியாகவா? நோயின் பெயர் தெளிவாகிற வரைக்கும் காத்திருக்கலாம், ஆளைக் காக்க வைக்க முடியாது.

இப்போது நான் ஒரு சமூக மையத்தில் சகபாதைத் துணைவராக வேலை செய்கிறேன். நோயில் இருந்து எழுந்தவர்களே மற்றவர்களுக்குத் துணையாகப் போகிற வேலை. என் அனுபவத்தில், முதல் ஒரு மாதம் பெரும்பாலும் குடியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். டீ குடிப்போம், நடப்போம், அடையாள அட்டை வாங்க அலைவோம், பல் வலிக்கு மருத்துவரைப் பார்ப்போம். அதற்கு அப்புறம் ஒருநாள் அவரே ஆரம்பிப்பார். அதுவரை பொறுக்கிற மையங்களில்தான் ஆட்கள் நிற்கிறார்கள்.

நெடுவழி (செவ்வாய், இரவு 10.18)

என் மகன் ஹெராயினால் போனான். அவனுக்கு 24. இதைப் பல இடத்தில் எழுத உட்கார்ந்து அழித்திருக்கிறேன்.

போதை மையத்தில் 60 நாள் இருந்தான். நல்ல மாதிரியாக வெளியே வந்தான், முகம் தெளிந்திருந்தது, எடை கூடியிருந்தது. நாங்கள் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். பன்னிரண்டாம் நாள் குளியலறையில் கிடந்தான். பழைய அளவையே எடுத்திருக்கிறான். 60 நாளில் உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டது, பழைய அளவு அதற்கு விஷம். இந்த ஒரு விஷயத்தை வெளியே அனுப்பும்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. "இனிமேல் ஒழுங்காக இரு" என்று மட்டும் சொன்னார்கள்.

பிறகுதான் படித்தேன். ஹெராயின் ஏக்கத்தையும் விலகலையும் அடக்குகிற மெதடோன், புப்ரினார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெதடோனை வைத்து 1965இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தொடர்ந்து இருப்பவர்களிடம் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. என் மகனுக்கு அதைப் பற்றி ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒரு போதையை எடுத்து இன்னொன்றைக் கொடுப்பதா என்று அந்த மையத்தில் கேட்டார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் நாலாக்சோன் வாங்கி வையுங்கள். மூக்கில் அடிக்கிற மருந்தாகவும் ஊசியாகவும் வருகிறது. மூச்சு நின்றுகொண்டிருப்பவரை நிமிடங்களில் எழுப்பும். அதன் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும், எழுந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கொஞ்சம் விட்டுப் பிறகு தொடங்குகிற முதல் நாட்கள்தான் மிகக் கொடியவை. ஜெயிலிலிருந்து வந்தாலும் சரி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் சரி.

யாழிசை, உங்கள் தம்பி விஷயம் வேறு என்று தெரியும். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இருக்கட்டும்.

யாழிசை (செவ்வாய், இரவு 10.51)

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

தாழம்பூ (புதன், காலை 7.44)

நானும் ஒன்று கேட்கிறேன், திட்ட வேண்டாம். என் கணவர் 18 வருடமாகக் குடிக்கிறார். குடித்தால் வாந்தி வர வைக்கிற மாத்திரை, டைசல்ஃபிராம், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு வாரமாக. போன சனிக்கிழமை குடித்துவிட்டு முகம் செக்கச் செவேலென்று ஆகி, நெஞ்சு அடைக்கிறது என்று தரையில் படுத்துவிட்டார். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். சொல்லவா, வேண்டாமா?

கரையோரம் (புதன், காலை 8.20)

தாழம்பூ, உங்களை யாரும் திட்டப் போவதில்லை. 18 வருடம் தாங்கியவர் வேறு வழி தெரியாமல் செய்தது அது. ஆனால் இன்றே சொல்லிவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் வேலை செய்யும், ஆகவே ஆபத்து இன்னும் தீரவில்லை.

மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி, பிறகு அதுவும் உடைந்து வெளியேறுகிறது. டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது கட்டத்தை அடைத்துவிடுகிறது. நச்சு தேங்குகிறது. முகம் சிவப்பது, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதனால்தான். இதயம், கல்லீரல் சரியில்லாதவருக்கு உயிரே போகலாம். தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் பார்த்துக் கொடுத்து, மனைவி கையால் தினமும் வாங்கிப் போடுகிறவருக்கு நல்ல பலன் தருகிற மருந்துதான். தெரியாதவருக்கு அது மறைத்து வைத்த கத்தி. யாழிசைக்கும் சொல்கிறேன்: இது மனச்சிதைவைத் தூண்டிவிடக்கூடும், உங்கள் தம்பிக்கு யாராவது எழுதிக்கொடுத்தால் இரண்டு தரம் கேளுங்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் குடிக்கிற ஏக்கத்தையும் இன்பத்தையும் மட்டுப்படுத்தும். ஆனால் ஓபியாய்டு எடுக்கிறவருக்கு அதைக் கொடுத்தால் உடனே கடுமையான விலகல் வரும், அதனால் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். கிராஃப்ட் என்று ஒரு குடும்பப் பயிற்சி இருக்கிறது, ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கியது. குடிக்கிறவர் இல்லாமலேயே குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்: எந்த நேரத்தில் பேசுவது, எப்போது விலகிப் போவது, அவர் நிதானமாக இருக்கிற மாலையை எப்படி அவருக்கு இனிதாக்குவது, அடிதடி என்றால் எங்கே போவது. இப்படிப் பயின்ற குடும்பங்களில் மூன்றில் இருவர் அளவுக்குக் கடைசியில் சிகிச்சைக்கு வந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. கூச்சல் போட்டு, சண்டையிட்டு வர வைத்ததைவிட இது அதிகம்.

ஏடு (புதன், மாலை 5.05)

சமூகப் பணி படிக்கிறேன். மனநலத்துக்கு ஒன்று, குடிக்கு ஒன்று என்று இந்த இரண்டு கதவு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லலாமா? வரலாறுதான், ஆனால் யாழிசை அக்காவின் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

முன்பெல்லாம் மனநோயாளிகளைப் பெரிய காப்பகங்களில் பூட்டி வைத்தார்கள். இத்தாலியில் த்ரியெஸ்தே நகரத்துக் காப்பகத்துக்கு 1971இல் இயக்குநராக வந்த பிராங்கோ பசாலியா அதை மெல்லத் திறந்தார். 1973இல் அங்கே இருந்தவர்களும் கலைஞர்களும் சேர்ந்து ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். வாசலை விடப் பெரிதாக இருந்ததால் வாசலை இடித்துத்தான் ஊருக்குள் கொண்டுபோக முடிந்தது. 1978 மே மாதம் இத்தாலி 180ஆம் சட்டத்தை நிறைவேற்றியது, புதிய காப்பகங்கள் கிடையாது என்று. த்ரியெஸ்தேயில் காப்பகத்துக்குப் பதிலாக வந்தவை ஊருக்குள்ளே, 24 மணி நேரமும் திறந்த, சில படுக்கைகள் மட்டுமே கொண்ட மையங்கள். எதிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள் என்பதைவிட, வெளியே வந்தவருக்கு எதைக் கட்டி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் அமெரிக்காவில் அது நடக்கவில்லை. 1963இல் அதிபர் கென்னடி சமூக மனநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். காப்பகங்கள் காலியாகின. திட்டமிட்ட அளவுக்கு மையங்கள் எழவில்லை, நீண்டகாலத்துக்கான பணமும் வரவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் தெருவில் நின்றார்கள். அங்கே போதை எளிதாகக் கிடைத்தது. போதைச் சிகிச்சையோ தனி வழியில் வளர்ந்தது: தனி அலுவலகம், தனி நிதி, தனிப் பயிற்சி. மனநலம் படித்தவருக்குப் போதை தெரியாது, போதை பார்க்கிறவருக்கு மருந்து பிடிக்காது. இரண்டும் உள்ள ஆளை இரு பக்கமும் அடுத்தவருடையவர் என்றே நினைத்தார்கள்.

இதை மாற்றியவர்களும் அங்கேயே இருந்தார்கள். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் லெனர்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் முதலானோர் 1970களில் ஆஸ்பத்திரிக் குழுவையே ஊருக்குள் இறக்கினார்கள். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழு. பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்ற அளவு. ஆள் வரவில்லை என்றால் இவர்கள் போவார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக் குழுவினர் அதே முறையில் குடி, போதைச் சிகிச்சையையும் உள்ளே சேர்த்தார்கள். அவர்கள் சொன்ன அடிப்படை எளியது: இரண்டும் ஒரே குழுவின் பொறுப்பு. நோயாளி ஒருங்கிணைக்க வேண்டியதில்லை, குழு ஒருங்கிணைக்க வேண்டும். கால எல்லை கிடையாது, ஏனென்றால் பலருக்கு இது வருடக்கணக்கில் மெதுவாகத்தான் நடக்கிறது. மறுபடி குடித்தால் அது சிகிச்சையிலிருந்து நீக்கக் காரணம் ஆகாது.

இரத்த அழுத்தம் ஏறியவரை "குறைத்துவிட்டு வா" என்று எந்த மருத்துவரும் அனுப்புவதில்லை. குடியில் மட்டும் நோயின் அறிகுறியையே நுழைவுத் தடையாக வைத்திருக்கிறோம். இதைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்றைக்கு_மட்டும் (புதன், இரவு 9.37)

தம்பி ஏடு, கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன்.

நான் நேற்று எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாத்திரையும் போதைதான், அதையும் விடு" என்று எங்களில் சிலர் அவரிடம் சொன்னோம். அவரும் விட்டார். மூன்று மாதத்தில் அவரை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஏஏவின் கொள்கை அல்ல. யாரும் இன்னொருவருக்கு மருத்துவராகக் கூடாது என்றுதான் அதன் சொந்த வெளியீடுகளே சொல்கின்றன. சொன்னது நாங்கள், எங்கள் அறியாமை.

1935இல் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது இது. அதன் பலத்தில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுவது), ஏஏவோடு இணைக்கிற சிகிச்சை தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்ற முறைகளைவிட நன்றாகவே உதவுகிறது என்கிறது. ஆனால் அது சிகிச்சையோடு கூட வர வேண்டியது, சிகிச்சையைத் தள்ளிவிட்டு வர வேண்டியது அல்ல. யாழிசை, தம்பி விரும்பினால் இரண்டு நோய் உள்ளவர்களுக்கென்றே நடக்கிற கூட்டங்களும் சில இடங்களில் உண்டு, இணையவழியிலும் நடக்கின்றன. மாத்திரையைப் பற்றி வாயே திறக்காத ஒரு கூட்டமாகப் பார்த்துச் சேருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள்.

யாழிசை (வெள்ளி, இரவு 8.12)

எல்லாருக்கும் ஒரு தகவல்.

கரையோரம் அக்கா கொடுத்த மூன்று கேள்விகளை வைத்து ஆறு இடங்களுக்குப் போன் செய்தேன். நான்கில் இல்லை என்றார்கள். ஒன்றில் எடுக்கவே இல்லை. ஆறாவது ஒரு சமூக மனநல மையம். போன் எடுத்த பெண், "குடித்திருந்தாலும் கூட்டி வாங்க, நடக்க முடிந்தால் போதும்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

நேற்றுப் போனோம். தம்பி காலையில் கொஞ்சம் குடித்திருந்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பினார்கள், எவ்வளவு, எத்தனை முறை என்று. அப்புறம் அந்த மருத்துவர் அவனிடம், "குடியினால் உனக்குக் கிடைக்கிற நல்லது என்ன?" என்று கேட்டார். நான் திடுக்கிட்டேன். ஆறு வருடத்தில் அவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தூங்க முடியுது" என்றான். "அதுக்கு என்ன விலை கொடுக்கிற?" என்றார். அதற்கு அவன் இருபது நிமிடம் பதில் சொன்னான். நான் வெளியே வந்துவிட்டேன்.

சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்றும் நேராகக் கேட்டார்கள். தோன்றியிருக்கிறதாம், இரண்டு தடவை. என்னிடம் சொன்னதே இல்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று எனக்கு விளக்கினார்கள். வீட்டில் பழைய மாத்திரைகளை மொத்தமாக வைக்க வேண்டாம், வாரத்துக்கு ஒருமுறை அவர்களே எண்ணித் தருவார்களாம்.

திங்கள்கிழமை பத்து நாள் உள்ளே சேர்க்கிறார்கள், விலகல் சிகிச்சைக்கு. தயமின் ஊசி பற்றிக் கேட்டேன், முதல் நாளே போடுவோம் என்றார்கள். மனநல மருந்து நிற்காது. வெளியே வந்ததும் அதே குழுவிலிருந்து ஒருவர் முதல் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார்.

ஒரு சந்தேகம். அவனுக்குக் குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தை ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவன் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பவன். உள்ளே இருக்கும்போது பிடிக்கக் கூடாதாம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? யாரோ சொன்னார்கள், சரியாகப் புரியவில்லை.

தாழம்பூ (வெள்ளி, இரவு 8.40)

சந்தோஷமாக இருக்கிறது யாழிசை. நான் அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் பேசவே இல்லை. இன்று காலையில், "அந்த மாத்திரையை நானே போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் இரண்டு பேருமாகப் போகிறோம்.

கரையோரம் (வெள்ளி, இரவு 9.15)

யாழிசை, சம்பந்தம் உண்டு, நல்ல வேளை கேட்டீர்கள். சிகரெட் புகையில் இருக்கிற பொருட்கள் கல்லீரலில் குளோசபினை உடைக்கிற நொதியை வேகப்படுத்துகின்றன. நிக்கோடின் அல்ல, புகைதான் காரணம். அதனால் புகைப்பவருக்கு மருந்து அதிக அளவு தேவைப்படும். புகையைத் திடீரென்று விட்டால் அதே அளவு மருந்து இரத்தத்தில் கணிசமாக ஏறிவிடும். அளவு மீறிய தூக்கம், வாயில் எச்சில் வழிவது, தள்ளாட்டம், ஏறினால் வலிப்புகூட வரலாம். இன்னொரு பக்கம், உள்ளே புகைக்காமல் அளவைச் சரிசெய்து, வெளியே வந்து இரண்டு பாக்கெட் பிடித்தால் மருந்து இறங்கிக் குரல் திரும்பும். குடும்பத்தார் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள். ஆகவே திங்கள்கிழமையே சொல்லிவிடுங்கள்: எத்தனை பிடிக்கிறான், வெளியே வந்து பிடிப்பானா. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்துக்கு வெள்ளையணுப் பரிசோதனை எப்படியும் தொடர்ந்து செய்ய வேண்டும், முதலில் வாரம் ஒருமுறை. மலச்சிக்கலையும் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், குளோசபினில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

திங்கள்கிழமை வரை அவராக நிறுத்த வேண்டாம். அதிகமாகவும் வேண்டாம். நடுக்கம் கூடினாலோ குழப்பம் வந்தாலோ திங்கள்கிழமைக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

யாழிசை (வெள்ளி, இரவு 9.33)

எழுதிக்கொண்டேன். குரல் தொடங்கிய தேதி, குடி தொடங்கிய மாதம், சாப்பிட்ட மாத்திரைகள், விட்ட நாட்கள், சிகரெட் கணக்கு எல்லாம் ஒரே நோட்டில். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தேதியைத் திருத்தினான். மேலே அவன் பேரை அவனே எழுதினான்.